பொட்டு இடம் மாறிய பாட்டு

குழந்தைக்குத் திருஷ்டிப் பொட்டை எந்தக் கன்னத்தில் வைக்க வேண்டும்? வலதிலா, இடதிலா?

சிரிக்க வேண்டாம். புகுந்த வீட்டில் கேட்டேன், பிறந்த வீட்டிலும் கேட்டேன். இரண்டு வீட்டிலும் யோசிக்காமல் உடனே பதில் வந்தது. ஆனால் இரண்டும் வேறு வேறு பதில்கள். பிறகு கைப்பேசியில் தேடினேன். அங்கே நெற்றி, உள்ளங்கால், காதுக்குப் பின்புறம் என்று இடங்கள் கூடினவே தவிர குழப்பம் தீரவில்லை. இன்றுவரை எனக்கு விடை தெரியாது. அது தெரியாமலேயே ஒரு பாட்டுக்குப் படம் எடுத்து முடித்தேன். எடுக்கும்போது இப்படி ஒரு கேள்வி இருப்பதே எனக்குத் தெரியாது என்பதுதான் சங்கதி.

விழுப்புரத்தில் ஒரு கல்லூரியில் விஷுவல் கம்யூனிகேஷன் படித்தேன். கடைசி செமஸ்டர் தொடங்குவதற்கு முன்பே மகள் வயிற்றில் இருந்தாள். வாந்தியை அடக்கிக்கொண்டு, புகுந்த வீடு இருக்கும் திண்டிவனத்திலிருந்து தினமும் பஸ்ஸில் போய்வர முடியவில்லை. படிப்பை நிறுத்திவிட்டேன். அவளுக்கு இரண்டு வயது தாண்டிய பிறகு, விட்ட செமஸ்டரை முடிக்கிறேன் என்று இரண்டு இடங்களில் அனுமதி கேட்டேன். கல்லூரி உடனே கொடுத்தது. வீட்டில் கொஞ்ச நாள் ஆனது.

“படிம்மா. வேணாம்னு நான் சொல்லல” என்றார் மாமியார். “ஆனா பாப்பாவுக்கு ஒண்ணு ஆச்சின்னா, அன்னியோட காலேஜு பையை ஆணியில மாட்டி வச்சிடணும். அதுக்கு ஒத்துக்கினா போய்ட்டு வா.”

ஒத்துக்கொண்டேன். “அம்மா சொல்றதும் கரெக்ட்தான” என்றார் கணவர். அவர் யார் எதைச் சொன்னாலும் அது கரெக்ட் என்பவர். அன்றிலிருந்து குழந்தை ஒரு தும்மல் போட்டாலும் என் கண் அந்த ஆணியின் மேல்தான் போகும்.

அந்த செமஸ்டரின் பெரிய வேலை ஒரு பாட்டுக்குக் காட்சி எடுத்துக் கொடுப்பது. அது இல்லாமல் பட்டம் கிடையாது. எங்கள் குழுவில் மூன்று பேர். கேமராவும் எடிட்டிங்கும் ஒலக்கூர் பக்கத்திலிருந்து வரும் தம்பி. விடுமுறையில் கல்யாண வீடியோ எடுக்கப் போகிறவன். பாட்டு எழுதி, மெட்டமைத்து, பாடி, நடிப்பவள் கண்டாச்சிபுரத்துப் பெண். அவள் ஊர் தேவாலயப் பாடற்குழுவில் பாடிப் பழகியவள். மூன்றாவது நான். நான் படிப்பை நிறுத்திய பிறகு கல்லூரியில் சேர்ந்தவர்கள் இப்போது என்னுடன் உட்கார்ந்திருந்தார்கள். இருவருக்கும் நான் ‘அக்கா’. அக்கா என்பதாலேயே இயக்குநர் வேலை என் தலையில் வந்தது. எனக்குத் தகுதி இருக்கிறதா என்று நான்தான் ஒரு வாரம் யோசித்துக்கொண்டிருந்தேன். அவர்கள் யோசிக்கவில்லை.

பாட்டு ஒரு பஸ் பயணத்தைப் பற்றியது.

ஜன்னலோரம் இடம் பிடிச்சேன்
ஊரு பின்னால போகுதடி

என்று தொடங்கும். அதை வரி வரியாகப் பிரித்து, ஒவ்வொரு வரிக்கும் எதைக் காட்டுவது என்று மூவரும் கல்லூரி மரத்தடியில் உட்கார்ந்து யோசித்தோம். முதலில் போட்ட திட்டம் எங்களுக்கே சிரிப்பு. காற்று என்று வரும் இடத்தில் செடி ஆடும். மேகம் என்று வரும் இடத்தில் மேகம் போகும்.

“டேய், இது உன் கல்யாண வீடியோ புத்தி” என்றாள் பாடகி. “நிலான்னு பாடுனா நிலா, பூன்னு பாடுனா பூ. மாப்பிள்ளைன்னு வந்தா மாப்பிள்ளை மூஞ்சி.”

“அதுக்குத்தான் கூப்புட்றாங்க. உன் மூஞ்சிய காட்டுனா எவன் கூப்புடுவான்?”

“அப்போ இந்தப் படத்துல யாரு மூஞ்சிய காட்டுவ? உன்னோடதா?”

அவர்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் எனக்கு ஒன்று புரிந்தது. காது கேட்டதையே கண்ணுக்கும் காட்டினால் பார்க்கிறவருக்கு வேலை இல்லை. பாட்டு பஸ்ஸில் போகட்டும், படம் அவள் எதை விட்டுவிட்டுப் போகிறாள் என்பதைக் காட்டட்டும் என்றேன். இருவரும் சண்டையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். கல்யாணத்துக்குப் பிறகு நான் சொன்னதற்காக இரண்டு பேர் ஒரே நேரத்தில் வாயை மூடியது அதுதான் முதல் தடவை.

எதை விட்டுவிட்டுப் போகிறாள் என்பதற்கு எங்களிடம் பதில் இல்லை. அது தானாக வந்தது. சோதனைக்காக எங்கள் வீட்டு வாசலில் கொஞ்சம் எடுத்துப் பார்த்தோம். பாடகி கேட்டைத் திறந்து வெளியே போக வேண்டும். மகள் என் இடுப்பிலிருந்து நழுவி, கேட்டைப் பிடித்துக்கொண்டு, அந்த அக்காவுக்கு டாட்டா காட்டினாள். அவளை இழுக்கப் போன என் கையும் படத்தில் விழுந்துவிட்டது. அன்று எடுத்ததை எல்லாம் போட்டுப் பார்த்தபோது உயிர் இருந்தது அந்த ஒரு துண்டில்தான்.

“அக்கா, கதை இதான்” என்றான் தம்பி.

ஒரு தாய் காலையில் குழந்தையை விட்டுவிட்டு வேலைக்குப் போகிறாள், சாயங்காலம் வருகிறாள். ஒரே நாள், ஒரே வீடு. பாடகி அன்று மாலையே மூன்றாவது, நான்காவது வரிகளை மாற்றி எழுதி அனுப்பினாள்.

கையசைச்ச பிஞ்சு விரல்
கண்ணு முன்னால நிக்குதடி

அதைப் படித்துவிட்டு நான் அடுப்படியில் போய் நின்றுகொண்டேன். கதை எனக்குத் தெரிந்த கதை. ஆனால் அதில் நடிக்க வேண்டியது என் மகள். ஒரு தும்மல் வந்தால் பை ஆணிக்குப் போகும் என்று ஒத்துக்கொண்டவள் நான்.

மாமியாரிடம் நேராகவே கேட்டேன். அவர் முதலில் மகளை இழுத்து மடியில் உட்காரவைத்துக்கொண்டார். பிறகு, “எடுத்துக்கோ. ஆனா ஒண்ணு. பொட்டு இல்லாம பாப்பா கேமரா முன்னாடி நிக்கக் கூடாது. ஒரு நிமிசம்கூட” என்றார்.

அவ்வளவுதானா என்று எனக்கு நிம்மதி. எங்கள் வீட்டில் அந்தப் பொட்டுக்கான மை கடையில் வாங்குவதில்லை. ஜவ்வரிசியைக் கருக வறுத்து, தண்ணீர் விட்டுக் காய்ச்சி, கொட்டாங்கச்சியில் ஊற்றி மாமியாரே காயவைப்பார். குளிப்பாட்டி முடித்ததும் விரலை நனைத்து அதில் தேய்த்து ஒரு வட்டம். தினமும் குளிப்பாட்டுவது அவர்தான், பொட்டு வைப்பதும் அவர்தான். நான் அந்த நேரத்தில் சாப்பாடு கட்டிக்கொண்டிருப்பேன், அல்லது பஸ்ஸுக்கு ஓடிக்கொண்டிருப்பேன்.

திட்டமிடுவதில் எனக்குப் பயம் இருக்கவில்லை. கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் அலைந்தவளுக்குப் படப்பிடிப்பு ஏற்பாடு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. மாற்றுத் துணி, பிஸ்கட், வெந்நீர், காய்ச்சல் மருந்து, பிடித்த பொம்மை, அது வேலைக்கு ஆகாவிட்டால் இன்னொரு பொம்மை. இதையே கொஞ்சம் நீட்டினால் பேட்டரி, மெமரி கார்டு, குடை, பாட்டைச் சத்தமாகப் போட ஒரு ஸ்பீக்கர். வீட்டில் ‘எல்லாத்துக்கும் கவலைப்படுறவ’ என்று பெயர் வாங்கித் தந்த குணம், இங்கே ‘அக்கா எல்லாம் ரெடியா வச்சிருப்பாங்க’ என்று ஆனது.

ஒரு சிக்கல் மட்டும் இருந்தது. திண்டிவனம் வீட்டு வாசலில் காலை வெயில் அழகாக விழும், ஆனால் மேற்கே புதிதாக எழும்பிய மாடிக் கட்டடம் மாலையை மறைத்துவிட்டது. விழுப்புரத்தில் என் அம்மா வீட்டு மொட்டை மாடியில் அஸ்தமனம் தடையில்லாமல் தெரியும். அதனால் காலைக் காட்சி திண்டிவனத்தில், மாலைக் காட்சி அடுத்த வாரம் விழுப்புரத்தில், படத்தில் இரண்டும் ஒரே வீடு என்று முடிவு செய்தேன். இரண்டு வீட்டுச் சுவரும் ஒரே மாதிரி வெளிர்நீலம், அது அதிர்ஷ்டம். குழந்தையின் மஞ்சள் கவுனைத் துவைத்துத் தனியாக எடுத்து வைத்தேன். ரிப்பன் நிறம், குட்டி வளையல், கொலுசு, பாடகியின் புடவை மடிப்பு, அவள் தோள்பை எந்தத் தோளில் என்பது வரை கைப்பேசியில் படம் பிடித்து வைத்தேன். இவை எல்லாவற்றையும் குலதெய்வக் கோவிலில் மகளுக்கு மொட்டை போடும் நாளுக்கு முன் முடித்துவிட வேண்டும். மொட்டைத் தேதி பெரியவர்கள் குறித்தது, அதை யாரும் நகர்த்த மாட்டார்கள். நான் படத்தை நகர்த்தினேன்.

திண்டிவனத்தில் எடுத்த காலை நன்றாகப் போனது. தாய் கேட் வரை வந்து திரும்பிப் பார்ப்பது மட்டும் மெதுவாக ஓடும் காட்சியாக வேண்டும் என்று ஆசைப்பட்டோம். வாயசைப்பும் இருக்கிறது, காட்சியும் மெதுவாக ஓட வேண்டும் என்றால், எடுக்கும்போது பாட்டை வேகமாக ஓடவிட்டு அதற்கு வாயசைக்க வேண்டும். பிறகு படத்தை மெதுவாக்கினால் உதடு பாட்டோடு சேர்ந்துகொள்ளும். வகுப்பில் கேட்டபோது புரிந்த மாதிரி இருந்தது. ஸ்பீக்கரில் அந்த இனிமையான குரல் எலி கத்துவதுபோல் கிளம்பியதும், பாடகி வாயைத் திறக்க முடியாமல் கேட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மகள் அந்த வேகத்துக்கு ஆடத் தொடங்கிவிட்டாள்.

“இன்னாம்மா பாட்டு இது, பேய் புடிச்சா மாதிரி?” என்று உள்ளேயிருந்து மாமியார் வந்தார்.

“அப்பறமா மெதுவா ஆயிடும் அத்தை.”

“அப்போ மெதுவாவே பாட வேண்டிதுதான? இதுக்கு இன்னாத்துக்கு காலேஜு?”

நியாயமான கேள்விதான். ஆனால் எடுத்ததைத் தம்பி மெதுவாக்கிக் காட்டினான். முந்தானை காற்றில் நிதானமாக எழுந்தது, கேட்டுக்குப் பின்னால் ஒரு சின்னக் கை மெல்ல மெல்ல அசைந்தது. மாமியார் உள்ளே போய் எல்லோருக்கும் டீ போட்டார்.

பஸ் காட்சிக்கு எந்தப் பக்கம் உட்கார்வது என்று நான் யாரிடமும் கேட்கவில்லை. காலையில் திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகும்போது வெயில் இடதுபக்க ஜன்னல்களில் விழும். பழகினவர்கள் எல்லோரும் வலதுபக்கம் உட்கார்ந்துவிடுவார்கள். எங்களுக்கு வேண்டியதோ முகத்தில் வெயில். எல்லோரும் ஒதுக்கிய இடத்தில் இரண்டு சீட்டு வரிசை முழுக்க எங்களுக்குக் கிடைத்தது. கண்டக்டரிடம் கல்லூரிக் கடிதத்தைக் காட்டியதும் அவர் கேமராவைப் பார்த்தார், பாடகியைப் பார்த்தார்.

“ஹீரோயினுக்கு டிக்கெட் எடுத்தாச்சா?”

“எடுத்தாச்சி சார்.”

“அப்போ ஹீரோ?”

“இதுல ஹீரோ கிடையாது சார்” என்றேன்.

“இன்னாம்மா, ஹீரோ இல்லாத படமா? ஓடுமா?” என்று கேட்டுக்கொண்டே அவர் முன்னால் போனார். பின் சீட்டில் யாரோ, “பஸ்ஸு ஓடுனா போதும்ணே” என்றார்கள். அந்தச் சிரிப்பில் பாடகியின் கூச்சம் போய்விட்டது. முகத்தில் புளியமர நிழல்கள் ஒவ்வொன்றாக விழுந்து விலக, ஒரே எடுப்பில் பாடி முடித்தாள்.

அடுத்த வாரம் விழுப்புரம். முதல் நாளே மகளோடு அம்மா வீட்டுக்குப் போய்விட்டேன். மறுநாள் மதியத் தூக்கம் முடிந்ததும் அம்மா அவளைக் குளிப்பாட்டி, பவுடர் போட்டு, மஞ்சள் கவுன் மாட்டி, டப்பா மையால் பொட்டு வைத்து மாடிக்குத் தூக்கி வந்தார். நான் ரிப்பனைப் பார்த்தேன். வளையலைப் பார்த்தேன். பாடகியின் பை எந்தத் தோள் என்று கைப்பேசியில் சரிபார்த்தேன். பொட்டு இருக்கிறதா என்றும் பார்த்தேன். மாமியாருக்குக் கொடுத்த வாக்கு ஆயிற்றே. இருந்தது. ‘சரி’ என்றேன்.

வெயில் பொன்னிறமாகச் சரிந்துகொண்டிருந்தது. தாய் மாடிப்படி ஏறி வருகிறாள், குழந்தை ஓடிப் போய்க் கட்டிக்கொள்கிறது, தாய் கடைசி வரியைப் பாடுகிறாள். திட்டம் அவ்வளவுதான். பாடகி ‘பொழுது சாய வந்துடுவேன், போன மாதிரி வந்துடுவேன்’ என்று வாயசைக்க, மகள் அவள் வாயையே உற்றுப் பார்த்துவிட்டு, மெதுவாகத் தன் உள்ளங்கையால் அதை மூடினாள். ‘போதும், வந்துவிட்டாயே’ என்பதுபோல. யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. மறுபடி கேட்டாலும் செய்ய மாட்டாள். தம்பி கேமராவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். நான் ஓடிப் போய் மகளைத் தொட்டுப் பார்த்தேன், உடம்பு சுடுகிறதா என்று. சுடவில்லை.

அந்த வாரக் கடைசியில் மொட்டையும் காதுகுத்தும் நல்லபடியாக முடிந்தன. அழுதாள், பொங்கல் சாப்பிட்டாள், தூங்கினாள். எல்லாம் திட்டப்படி நடந்ததில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட வந்துவிட்டது.

படத்தை ஒருவாறு கோத்து முடித்ததும் தம்பி அதை அனுப்பினான். மடிக்கணினியில் மாமியாருக்குப் போட்டுக் காட்டினேன். அவர் முறத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உரித்துக்கொண்டே பார்த்தார். காலை வந்தது, பஸ் வந்தது. மாலையும் வந்தது. குழந்தை பாடகியின் வாயை மூடும் இடத்தில் முகம் திரை முழுக்க நிற்கும். அங்கே அவர் கை நின்றது.

“நிறுத்து, நிறுத்து. பொட்டு எப்டி இந்தாண்ட வந்துது?”

எனக்குப் புரியவில்லை. பின்னால் ஓட்டினேன். காலையில் கேட்டைப் பிடித்து நிற்கும் குழந்தைக்கு இடது கன்னத்தில் பொட்டு. மாலையில் வலது கன்னத்தில். ஒரே நாள், ஒரே வீடு, ஒரே கவுன், ஒரே ரிப்பன். பொட்டு மட்டும் முகத்தைத் தாண்டி அந்தப் பக்கம் போயிருந்தது.

“யாரு வச்சது?” என்றார், தெரிந்துகொண்டே.

“அம்மா.”

“பொம்பளப் புள்ளைக்கு இடது பக்கம்தான் வெப்பாங்க. உங்க ஊட்ல தெரியாதா?”

அம்மாவுக்கு போன் போட்டேன். “இடது பக்கமா? பொம்பளப் புள்ளைக்கா?” என்றார் அம்மா. “நான் உனக்கு வலது பக்கம்தான் வச்சேன். நீ நல்லாதான இருக்க? சரி சரி, அவங்க ஊட்டு வழக்கம் அவங்களுக்கு. நான் இன்னா சொல்றது” என்று சொல்ல வேண்டியதை எல்லாம் சொல்லிவிட்டு வைத்தார்.

அன்று முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். கொலுசைக் குறித்தவளுக்குப் பொட்டு எப்படித் தப்பியது? மெதுவாகத்தான் தெரிந்தது. கவுனும் ரிப்பனும் வளையலும் அவள் போட்டுக்கொள்பவை. மாறக்கூடியவை என்று மனதுக்குத் தெரியும், அதனால் குறித்தேன். பொட்டு எனக்கு அவள் முகம். மூக்கு எந்தப் பக்கம் என்று யாராவது குறிப்பார்களா? பிறந்த நாளிலிருந்து அது அவள் முகத்தில் இருந்தது. ஒரு நாள்கூட அதை வைத்தது என் விரல் இல்லை.

மறுபடி எடுக்க வழியில்லை. குழந்தை மொட்டை, காதில் புதுத் தோடு. சமர்ப்பிக்கும் நாளோ நெருங்கிவிட்டது.

“ஈசிக்கா. மாலை ஷாட்டை அப்படியே இடம் வலமா திருப்பிடலாம். பொட்டு இடது பக்கம் வந்துடும்” என்றான் தம்பி. திருப்பினான். பொட்டு சரியாகிவிட்டது. ஆனால் பாடகியின் முந்தானை வலது தோளுக்குப் போய்விட்டது. காலையில் இடது தோளில் போட்டுக்கொண்டு போனவள் சாயங்காலம் வலது தோளில் போட்டுக்கொண்டு வருகிறாள்.

“ஐயோ, யாரோ மாதிரி இருக்கேன்” என்றாள் அவள்.

“யாருக்கும் தெரியாது.”

“பொம்பளைங்க எல்லாருக்கும் தெரியும் தம்பி” என்றேன்.

“அப்போ பொட்டையே அழிச்சிட்றேன். கம்ப்யூட்டர்ல ஒண்ணொண்ணா அழிக்கலாம். பேஜாரு புடிச்ச வேலைதான், பண்ணிட்றேன்.”

இதற்கு நான் சரி என்று சொல்லியிருக்கலாம். கணினியில் அழிப்பதற்கும் கன்னத்தில் அழிப்பதற்கும் வித்தியாசம் தெரியாதவள் அல்ல நான், படித்தவள். ஆனாலும் மாமியாரிடம் கேட்டேன். “எதுல அழிச்சாலும் அழிச்சதுதானம்மா” என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. கொடுத்த வாக்கைத் திரைக்குப் பின்னால் மீறினால் திரையில் அந்தக் குழந்தையை என்னால் நிம்மதியாகப் பார்க்க முடியாது என்று எனக்கும் தோன்றியது.

வழி அடுத்த நாள் விளக்கு வைக்கும் நேரத்தில் வந்தது. மாமியார் மகளுக்கு முகம் கழுவி, துடைத்து, பவுடர் போட்டு, புதுப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தார். தினமும் நடப்பதுதான். காலைப் பொட்டு மாலை வரை இருப்பதில்லை! எந்த வீட்டில் இருக்கிறது? தாய் திரும்பி வருவதற்கு முன், குழந்தையின் முகத்தை ஒரு ஈரத்துணி துடைப்பதையும், ஒரு விரல் வலது கன்னத்தில் புதிதாகப் பொட்டு வைப்பதையும் காட்டிவிட்டால் போதும். கன்னத்தை மட்டும் நெருக்கமாக எடுத்தால் மொட்டை தெரியாது, துண்டின் ஓரத்தால் காதை மறைத்துவிடலாம். தம்பியை அழைத்துச் சொன்னேன். அவன் கொஞ்சம் யோசித்து, “அக்கா, ஜல்தியா நாளைக்கே எடுத்துடலாம்” என்றான்.

விரல் யாருடையது என்பதுதான் மிச்சம்.

“வலது கன்னத்துலயா? என் கைக்கு வராதும்மா” என்றார் மாமியார். கோபமாக இல்லை, இடதுகையால் சாப்பிடச் சொன்னதுபோல் சொன்னார். அம்மாவை விழுப்புரத்திலிருந்து வரவழைத்து இந்த வீட்டுக் கூடத்தில் உட்காரவைத்து வலது கன்னத்தில் வைக்கச் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. பாடகி முயன்றாள். கண்ணுக்குப் பக்கத்தில் அவள் விரல் வந்ததும் மகள் தலையை வெடுக்கென்று திருப்பினாள்.

நான் கொட்டாங்கச்சியை எடுத்தேன். விரலை நனைத்துத் தேய்த்தேன். மகள் என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள்.

“அம்மா, நீ வெக்கிறியா?”

“ஆமா, நான்தான். ஆடாம இரு.”

முதல் பொட்டு நீண்டுபோய்விட்டது. துடைத்தேன். அடுத்ததும் பிடிக்கவில்லை. அதற்குப் பிறகு வைத்தது வட்டமாக, கருப்பாக, கன்னத்தில் சரியாக உட்கார்ந்தது. தம்பி கட்டைவிரலை உயர்த்தினான். கேமரா இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

“இந்தப் பக்கமும் வெய்யி” என்று மகள் இடது கன்னத்தைத் திருப்பிக் காட்டினாள். மொட்டைத் தலை முழுசாகப் படத்துக்குள் வந்துவிட்டது, அதனால் அதைப் பயன்படுத்தவில்லை. ஆனால் வைத்துவிட்டேன். வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த மாமியார், “இப்போ சரி” என்றுவிட்டுப் போனார்.

கல்லூரியில் திரையிட்டோம். பஸ் ஜன்னல் வெளிச்சத்தை ஆசிரியர் பாராட்டினார். இரண்டாம் பகுதியில் ஒரு வரியில் உதடு பாட்டுக்குப் பிந்துகிறது என்று பிடித்துவிட்டார். பிந்துகிறதுதான், எங்களுக்கும் தெரியும். பிறகு, “முகம் துடைச்சி பொட்டு வைக்கிற ஷாட் நல்ல யோசனை. நாள் முடிஞ்சிதுன்னு வசனம் இல்லாமலே தெரியுது. யாரோட ஐடியா?” என்றார். மற்ற இருவரும் என்னைப் பார்த்தார்கள். “வீட்ல தினமும் நடக்கறதுதான் சார்” என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. நல்ல மதிப்பெண் வந்தது. பட்டம் வரப் போகிறது. பை ஆணியில் இல்லை.

இப்போதுதான் நான் இதைப் படிக்கும் உங்களிடம் வர வேண்டியதாயிற்று. படத்தைக் கல்லூரியின் யூடியூப் பக்கத்தில் போடக் கேட்கிறார்கள். குழந்தை நடித்திருப்பதால் பெற்றோர் சம்மதம் வேண்டும். மாமியார், “கேமராவுக்குத்தான் ஒத்துக்கினேன். ஊரு ஒலகமே பாக்கறது வேற” என்கிறார். அம்மா, “போடட்டுமே, அதான் பொட்டு இருக்குதே” என்கிறார். கணவர் இருவர் சொல்வதும் கரெக்ட் என்கிறார். தம்பிக்கும் பாடகிக்கும் வேலை தேடும்போது காட்ட அது ஒன்றுதான் இருக்கிறது. “நீங்க சொல்றதுதான்க்கா” என்று மட்டும் சொல்லிவிட்டு அவர்கள் வற்புறுத்தாமல் இருப்பது எனக்கு இன்னும் சங்கடம்.

நான் பயப்படுவது திருஷ்டிக்கு மட்டும் இல்லை. முன்பின் தெரியாதவர்கள் என் மகளின் முகத்தை நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம், எடுத்து வேறெங்காவது ஒட்டலாம். பத்து வயதில் அவளே வந்து, “என்னைக் கேட்டியா?” என்று கேட்கலாம். இப்போது கேட்டால், “நானு! நானு!” என்று திரையைத் தொட்டுக் குதிக்கிறாள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள முடியுமா? அவள் முகம் இல்லாமல் அந்தப் படத்தை வெட்டவும் முடியாது. அந்த உள்ளங்கைதான் படம்.

முடிவு என்னுடையதுதான். ஒரு படத்தையே எடுத்து முடித்தவள், இதையும் எடுத்துவிடுவேன். ஆனால் அதற்கு முன் உங்களிடம் கேட்டுக்கொள்கிறேன். குழந்தையின் முகத்தை இப்படிப் பொதுவில் விட்ட தாய்மார்கள் உங்களில் இருந்தால், பிறகு எப்படி உணர்ந்தீர்கள் என்று சொல்லுங்கள். வேண்டாம் என்று மறுத்தவர்கள், உடன் உழைத்தவர்களுக்கு என்ன பதில் சொன்னீர்கள் என்று எழுதுங்கள். அப்படியே, உங்கள் வீட்டில் பொட்டு எந்தக் கன்னம் என்பதையும்.